ஜப்பான் வங்கியில் ஓர் ஆள்

"எனக்கு ஆள் ஈக்கு", அதாவது எங்கும் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், என்று சொல்லும் இனத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. பாலாவியில் கற்பிட்டி பஸ் ஏறி நுரைச்சோலை போய்ச் சேர்வதற்குள் அந்த இனத்தவர் இரண்டு பேராவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழும்பிப் போயிருப்பார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பிழை, வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை, ஸ்கேன் எடுக்க மூன்று மாதம் கழித்துத்தான் திகதி கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைக்கு முதலாம் ஆண்டுக்கு இடம் கிடைக்கவில்லை என்று நீங்கள் எந்தக் கவலையைச் சொல்லத் தொடங்கினாலும் அவர் முழுதாகக் கேட்கமாட்டார். பாதியிலேயே வலது கை உயரும். போதும், இனி இது என் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். நீங்கள் உதவி கேட்டீர்களா? இல்லை. அது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

இந்த இனத்தில் முழு வளர்ச்சியடைந்த ஒருவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் கற்பிட்டிக்குப் போய், கோட்டைப் பக்கம் போகும் வீதியில் தண்ணீர் மோட்டர் திருத்தும் கடை எங்கே என்று விசாரிக்கலாம். கடைக்காரர் பெயர் முத்தலிபு. ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைச் சாரம், சட்டைப் பையில் இரண்டு போன். வெங்காயத் தோட்டக்காரர்கள் பழுதான மோட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது திருந்தும்வரை வாங்கில் உட்கார்ந்து குடும்பக் கஷ்டத்தைக் கொட்டுவார்கள். மோட்டர் சில வேளை திருந்தாமலே திரும்பிப் போகும். கஷ்டத்துக்கு மட்டும் எப்போதும் ஓர் ஆள் இருப்பார்.

அவருடைய போன்களில் எவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் கிடையாது. 'கச்சேரி மேல்மாடி', 'பாஸ்போட் கண்ணாடி', 'கிளினிக் மிஸ்', 'கரண்ட் பெரியவர்', 'கரண்ட் பெரியவர்ட டிரைவர்' என்றுதான் எல்லோரும் குடியிருந்தார்கள். கரண்ட் பெரியவர் ஓய்வுபெற்று நாலு வருஷம். டிரைவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம். அந்த இலக்கங்களை அழிக்க முத்தலிபுவுக்கு மனம் வரவில்லை.

காரியம் நடக்கும் முறையும் எப்போதும் ஒன்றுதான். போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போவார். தெருவில் நின்று, எதிர்க் கடைக்காரருக்கும் கேட்கும் குரலில், அந்தப் பக்கத்து ஆளின் பிள்ளைகள், அவர்களுடைய படிப்பு, மனைவியின் முழங்கால் எல்லாவற்றையும் விசாரித்து, இரண்டு தரம் சிரித்து, கடைசியில் உங்கள் விடயத்தை அரை வசனத்தில் முடித்துவிட்டு உள்ளே வருவார். "சொல்லிட்டன். நாளைக்குப் போங்க. எண்ட பேரச் சொல்லுங்க." நீங்கள் மறுநாள் போவீர்கள். அவர் பெயரைச் சொல்வீர்கள். லிகிதர் நிமிர்ந்து பார்த்து, யார் அது என்று கேட்டுவிட்டு, நாற்பத்தேழாம் இலக்கத் துண்டை நீட்டுவார். மத்தியானம் வரைக்கும் கதிரையில் காத்திருந்து, உங்கள் முறை வந்ததும் காரியத்தை முடித்துக்கொண்டு கற்பிட்டிக்குத் திரும்புவீர்கள். முத்தலிபு கடை வாசலிலேயே நிற்பார். "பாத்தீங்களா?" என்பார். பார்த்தீர்கள்தானே? என்ன சொல்ல முடியும்? நன்றி சொல்வீர்கள்.

அநியாயமாகப் பேசக்கூடாது. இந்த வேலைக்கு அவர் எவரிடமும் ஐந்து சதம் வாங்கியதில்லை. மீனவர் ஒருவரின் மனைவிக்குச் சத்திர சிகிச்சை ஏழு மாதம் தள்ளிப்போயிருந்தபோது, கடையைப் பூட்டிவிட்டு நாலு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, உண்மையாகவே அதை முன்னுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பெண் இன்றைக்கும் பெருநாளைக்குப் பெருநாள் வட்டிலப்பம் அனுப்புகிறாள். அந்த ஒரு வெற்றிதான் மனிதரைக் கெடுத்தது. வேலை செய்தது நாலு நாள் நின்ற கால்கள் என்பதை மறந்து, 'கிளினிக் மிஸ்'ஸின் இலக்கம் என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

இவருக்கு ஒரே மகள், மர்ளியா. அவளை மதுரங்குளி றிஸ்கானுக்கு நிகாஹ் செய்து கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. றிஸ்கான் ஜப்பானில், நகோயாவுக்குப் பக்கத்தில், பழைய வாகனங்களை வெளிநாடுகளுக்கு ஏற்றி அனுப்பும் ஒரு கம்பனியில் வேலை. கல்யாணத்துக்குக் கிடைத்த லீவு பத்தொன்பது நாள். அதில் மூன்று நாள் பிரயாணத்தில் போயிற்று, ஆறு நாள் விருந்துச் சாப்பாட்டில் போயிற்று. மிச்ச நாட்களில் பார்த்த புருஷனை அதற்குப் பிறகு மர்ளியா போனில்தான் பார்த்தாள். அங்கே அவன் வேறு மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தான். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் தனி வீடு வேண்டும். வெளிநாட்டுக்காரருக்கு வீடு கொடுக்கமாட்டோம் என்று பத்து இடத்தில் மரியாதையாகத் தலை குனிந்து சொல்லிவிட்டார்கள். பதினோராவது இடத்தில் சரி என்றார்கள்.

இரண்டு அறை. ஒன்று ஆறு பாய் அளவு, மற்றது நாலரைப் பாய் அளவு. அங்கே அறையைப் பாயால்தான் அளப்பார்களாம். றிஸ்கான் அளவுகளை அனுப்பிய அன்றே மர்ளியா தகப்பனின் அளவு நாடாவை எடுத்து, கற்பிட்டி வீட்டு ஹோலில் அந்த இரண்டு அறையையும் சோக்கால் கீறிவிட்டாள். இது அடுப்பு, இது அலுமாரி, இது ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதை. அவளுடைய உம்மா சுல்பா தேத்தண்ணீர் கொண்டுபோகும்போது சுவரில் முட்டிவிடாமல் கதவு வழியாகத்தான் போய்வந்தார். மகள் அவ்வளவு ஆசையோடு இருக்கும்போது சோக்குக் கோட்டை மிதிக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

வீட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வாடகை மாதாமாதம் கடனட்டையிலிருந்து தானாகக் கழிய வேண்டும். அடுத்த மாதம் பதினைந்தாம் திகதிக்குள் றிஸ்கான் ஒரு கடனட்டையோடு வந்தால் வீடு அவனுக்கு. இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. வெளிநாட்டில் வேலை செய்கிறவனுக்குக் கடனட்டை எடுப்பது அவ்வளவு லேசு இல்லை. நாளைக்கு விமானம் ஏறிப் போய்விடமாட்டாய் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று எந்த வங்கியும் வாய்விட்டுக் கேட்காது. மனதுக்குள் கேட்டுக்கொண்டு, முடியாது என்று எழுதி அனுப்பும். கம்பனியில் கணக்குப் பார்க்கும் ஜப்பான்காரப் பெண்மணி றிஸ்கானுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். சம்பளம் விழுகிற வங்கியில் மட்டும் விண்ணப்பம் போடு. மூன்று வருஷமாக அவர்களுக்கு உன்னைத் தெரியும், அநேகமாகக் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்று போடு. பதில் வரும்வரை வேறு எங்கும் கைவைக்காதே.

இவ்வளவு தெளிவான ஆலோசனை முத்தலிபுவின் காதில் விழாமல் இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை இராச் சாப்பாட்டில், சுல்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிசைந்த சோற்றோடு வலது கை உயர்ந்தது.

"ஒரு கந்தோர்ல மட்டுமா?" என்றார் முத்தலிபு, வங்கியையும் ஓர் அரசாங்க அலுவலகமாக நினைத்து. "ஒரு கந்தோர நம்பி ஆராச்சும் காரியத்துல எறங்குவாங்களா?"

அவருடைய வாழ்க்கைத் தத்துவமே அதுதான். கடைக்குக் கரண்ட் எடுத்தபோது பிரதேசக் கந்தோரில் ஒரு விண்ணப்பம், புத்தளத்தில் ஒன்று, அரசியல்வாதி ஒருவரின் செயலாளரிடம் ஒன்று, பெரியவரிடம் ஒன்று, பெரியவரின் டிரைவரிடம் ஒன்று என்று ஐந்து இடத்தில் கொடுத்து, எது முந்துகிறதோ அதைப் பிடித்துக்கொண்டார். மகளுக்குப் பாடசாலை, கடைக்கு லைசன், தகப்பனின் காணி உறுதி எல்லாம் அப்படித்தான். நம் பக்கத்துக் கந்தோர்களுக்கு இது நல்ல முறைதான். மேல்மாடிக்காரருக்குக் கீழ்மாடியில் என்ன நடக்கிறது என்று தெரியாத வரைக்கும் பலனும் கொடுக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மருமகனை வீடியோவில் அழைத்தார். அந்த நாட்டில் உள்ள பெரிய வங்கிகள், கடனட்டைக் கம்பனிகள் என்று, சம்பள வங்கியோடு சேர்த்து ஐந்தைத் தேர்ந்து, ஒரே நாளில் ஐந்துக்கும் போடச் சொன்னார். றிஸ்கான் தயங்கினான். கணக்குப் பார்க்கும் அம்மா ஒன்றுதான் போடச் சொன்னதாக மெதுவாக ஞாபகப்படுத்தினான்.

"அவ பாவம் மகன். அவக்கு ஆள் இல்ல. அதாலதான் அப்பிடிச் சொல்றா."

பெண் கொடுத்த மாமா. பத்தொன்பது நாள் பழக்கம். நீங்களாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பீர்களா? றிஸ்கானும் பேசவில்லை.

அத்தோடு விட்டாரா? கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் எடுத்தார், றிஸ்கான் ஊரில் இல்லாவிட்டாலும். பள்ளிவாசல் நிர்வாக சபையிடம் ஒரு கடிதம் வாங்கினார்: இன்னார் இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவர், மார்க்கப் பற்றுள்ளவர், மது மாது தொடாதவர், இவருக்குக் கடனட்டை கொடுப்பதில் ஜமாஅத்தாருக்கு ஆட்சேபனை இல்லை. இரண்டையும் புத்தளத்துக்குக் கொண்டுபோய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சமாதான நீதவான் நெய்னாரிடம் உறுதிப்படுத்தி, மொத்தம் பதினொரு முத்திரையோடு படமெடுத்து அனுப்பினார். கடனட்டை வட்டியோடு சம்பந்தப்பட்டதாயிற்றே என்று சுல்பா இழுத்தபோது அதற்கும் ஓர் ஆள் இருந்தார். போனில் ஒரு மௌலவியைப் பிடித்து, ஒவ்வொரு மாதமும் பிந்தாமல் முழுதும் கட்டிவிட வேண்டும் என்ற பதிலையும் வாங்கிவிட்டார். விண்ணப்பமோ போனிலேயே நிரப்புவது. அதில் முத்திரைக்கென்று ஓர் இடமே இல்லை. அதைக் கேட்ட முத்தலிபுவுக்கு அந்த நாட்டு நிர்வாகத்தின் மீதே மதிப்புக் குறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை றிஸ்கான் ஐந்தையும் அனுப்பினான். முதலாவது மறுப்பு அவன் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வந்தது. திங்கட்கிழமைக்குள் ஐந்தும் வந்துவிட்டன. எல்லாம் மிக அழகான மொழியில் இருந்தன, ஒன்றிலும் காரணம் இல்லை. காரணத்தைக் கணக்குப் பார்க்கும் அம்மாதான் சொன்னார். அங்கே யார் எங்கே விண்ணப்பித்தாலும் அது ஒரு பொது இடத்தில் பதிவாகிவிடும். எல்லா வங்கியும் அதைப் பார்க்கும். ஒரே நாளில் ஐந்து இடத்தில் கேட்கிறவன் ஏதோ பெரிய ஆபத்தில் இருக்கிறான் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பதிவு அழிய ஆறு மாதம் ஆகும். கொடுத்திருக்கக்கூடிய அந்தச் சம்பள வங்கியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கையை விரித்தது.

ஆறு மாதம். வீட்டுக்கு இருந்ததோ ஐந்து கிழமை.

மர்ளியா அழவில்லை. சோக்கால் கீறிய அந்த வீட்டுக்குள் போய், அடுப்பு இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் எழும்பாமல் இருந்தாள். கதவுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்த முத்தலிபுவுக்கு நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது. மகளின் வாழ்க்கையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்ற நினைப்பில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சாதாரண மனிதராக இருந்தால் அந்த இடத்தில் ஒதுங்கியிருப்பார். ஆனால் நாம் பேசுவது இந்த இனத்தைப் பற்றி. ஓர் ஆளால் கெட்ட காரியத்தை இன்னும் பெரிய ஆளால் திருத்தலாம் என்பது அவர்களின் ஈமானில் பாதி.

மூன்றாம் நாள் முத்தலிபுவுக்கு அந்தப் பெரிய ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

அதற்கு முந்திய வருஷம், காற்றுக் காலத்தில், பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டிக்கு வந்திருந்தபோது, ஒரு விடுதியில் தண்ணீர் மோட்டர் நின்றுவிட்டது. முத்தலிபு போய்த் திருத்தினார். அங்கே தங்கியிருந்த ஜப்பான்காரர் ஒருவர், உடம்பெல்லாம் உப்போடு, இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்து வேலையைப் பார்த்தார். மோட்டர் ஓடத் தொடங்கியதும் எழும்பி, குனிந்து, இரண்டு கையாலும் ஒரு விலாச அட்டையைக் கொடுத்தார். மேலே பெரிய எழுத்தில் ஒரு வங்கியின் பெயர். கீழே சின்ன எழுத்தில் ஜப்பான் மொழி. பெயர் மொரிகாவா. முத்தலிபு அதைக் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, இலக்கத்தைப் போனில் 'ஜப்பான் பேங்க்' என்று பதிந்து, அன்றிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி வந்தார். ஒரு பெரிய வங்கியின் மனேஜர் தன் வேலைத்திறமையைக் கண்டு மெய்மறந்து குந்தியிருந்தார் என்பது அதுவரைக்கும் அவருக்கு வெறும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அது ஓர் ஆள்.

டைப் அடிக்கும் கடையில், மருமகனுக்கு ஒரு கடனட்டை கேட்டு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்து, படமெடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. உங்களை ஞாபகம் இருக்கிறது, உங்கள் கடிதத்தை மகிழ்ச்சியுடன் வாசித்தேன், நீங்கள் கேட்ட விடயம் கொஞ்சம் கடினமானது. அவ்வளவுதான். அந்த நாட்டில் 'கொஞ்சம் கடினம்' என்று ஒருவர் சொன்னால் கதவைச் சாத்திப் பூட்டும் போட்டாயிற்று என்று அர்த்தம். இதை றிஸ்கானிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். முத்தலிபுவுக்கோ முப்பது வருஷக் கந்தோர் அனுபவம். முடியாது என்றால் முடியாது. கொஞ்சம் கஷ்டம் என்றால், வெறுங்கையோடு வரவேண்டாம் என்று அர்த்தம்.

கற்பிட்டிக்காரர் வெறுங்கையோடு போகாமல் இருக்க என்ன கொண்டுபோவார்? கருவாடு. சந்தையில் போய், நடுத்துண்டாகத் தெரிந்து, இரண்டு கிலோ அறுக்குளாக் கருவாடு வாங்கினார். மூன்று பொலித்தீன் சுற்றி, பெட்டியில் அடைத்து, பதினொரு முத்திரைக் கடிதங்களின் பிரதியையும் மருமகனின் போன் இலக்கத்தையும் உள்ளே வைத்து, விலாச அட்டையில் இருந்த வங்கிக் கட்டடத்துக்கே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டார். வங்கிக்கு யாராவது கருவாடு அனுப்புவார்களா என்று சுல்பா கேட்டதற்கு, ஜப்பான்காரர் மீன் சாப்பிடுகிறவர்கள்தானே என்று பதில் வந்தது. அதில் பிழை சொல்ல முடியவில்லை.

பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தபால் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை காலை மூன்றாம் மாடியில் ஏதோ நாற்றம், கழிவுக் குழாய் உடைந்திருக்க வேண்டும் என்று சொல்லி, கட்டடத்தின் குழாய்களுக்கும் தண்ணீர்ப் பம்பிகளுக்கும் பொறுப்பான மனிதரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் கருவிப் பெட்டியோடு வந்து, மாடி மாடியாக, குழாய் குழாயாக மோந்து பார்த்துக்கொண்டு போய், கடைசியில் தபால் அறையில், தன்னுடைய பெயர் எழுதிய ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றார்.

ஆம், மொரிகாவாதான். வங்கியில் வேலை, அது உண்மை. ஆனால் பணத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கற்பிட்டியில் அவர் இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தது, பாகம் கிடைக்காத பழைய மோட்டரை ஒரு மனிதர் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டு எப்படி ஓடவைக்கிறார் என்று பார்க்கத்தான். ஒரு பம்பிக்காரர் இன்னொரு பம்பிக்காரரைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்.

மொரிகாவா மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பெட்டிக்குள் இருந்த இலக்கத்துக்கு அழைத்து விடயத்தை விசாரித்தபோதுதான் றிஸ்கானுக்குக் கருவாட்டுப் பெட்டி பற்றியே தெரியவந்தது. அன்று பின்னேரம் அவன் மர்ளியாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னான். ஐந்து வங்கிக்குப் போட்டது தன் பிழை, மாமாவிடம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னான். மர்ளியா போனை வைத்துவிட்டு நேரே கடைக்குப் போனாள். மோட்டர் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர் வாங்கில் இருந்தார்கள். அவள் அதையும் பார்க்கவில்லை.

"வாப்பா, எனக்காகத்தான் எல்லாம் செய்றீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா நீங்க செய்யச் செய்ய நான் அவர்ட்ட இருந்து தூரமாப் போறன். இனி எனக்கு ஆள் தேடாதீங்க. ஆருக்கும் கோல் எடுக்காதீங்க. நான் கெஞ்சிக் கேக்கிறன்."

முத்தலிபுவின் வலது கை பழக்கத்தில் பாதி உயர்ந்தது. பிறகு தானாகவே கீழே இறங்கியது. ஓம் என்று தலையை ஆட்டினார். வாங்கில் இருந்தவர்கள் மோட்டரை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள்.

அன்று மர்ளியா றிஸ்கானுக்குச் சொன்னது ஒன்றுதான். அந்த மனிதரிடம் நேரில் போங்கள். மன்னிப்புக் கேளுங்கள். வேறு ஒன்றும் கேட்காதீர்கள். அவன் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நகோயாவிலேயே இருந்த மொரிகாவாவின் வீட்டுக்குப் போய், தலை குனிந்து, மாமாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டான். மொரிகாவா சிரித்தார். கருவாட்டில் பாதியை ஏற்கெனவே பொரித்துச் சாப்பிட்டாயிற்று, பக்கத்து வீட்டாரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது என்றார். பிறகு, அட்டை எதற்கு என்று கேட்டார். றிஸ்கான் வீட்டு விடயத்தைச் சொன்னான். உதவி கேட்டல்ல, அவர் கேட்டதற்காகச் சொன்னான். இந்த அட்டை இல்லாமல் வேறு வழி உண்டா என்று வீடு கொடுக்கும் கந்தோரில் கேட்டாயா என்றார் மொரிகாவா.

றிஸ்கான் கேட்கவில்லை. ஐந்து வங்கி, ஒரு கிராம சேவகர், ஒரு பள்ளிவாசல், ஒரு சமாதான நீதவான், ஒரு மௌலவி, இரண்டு கிலோ கருவாடு. இவ்வளவுக்கும் நடுவில் வீடு கொடுக்கிறவரிடம் போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனார்கள். அங்கே இருந்த பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வாடகையை வங்கிக் கணக்கிலிருந்தும் கழிக்கலாம், ஆனால் அவசரத்துக்குக் கூப்பிட இந்த நாட்டுக்காரர் ஒருவரின் பெயர் வேண்டும் என்றார். மொரிகாவா சட்டைப் பையிலிருந்து, அந்த நாட்டில் கையெழுத்துக்குப் பதிலாகப் பாவிக்கும் தன் முத்திரையை எடுத்து, குத்தினார். பதினைந்தாம் திகதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கடனட்டை ஏழு மாதம் கழித்து, ஒரே ஒரு விண்ணப்பத்தில், எவருடைய சிபாரிசும் இல்லாமல் தபாலில் வந்தது. அந்த நேரத்தில் அது பெரிதாகத் தேவைப்படவும் இல்லை.

ஆக, கருவாடு வேலை செய்ததா? இந்த இடத்தை மறைத்துவிடலாம்தான். ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெட்டி போகாவிட்டால் றிஸ்கான் மன்னிப்புக் கேட்கப் போயிருக்கமாட்டான். மன்னிப்புக் கேட்கப் போகாவிட்டால் வீடு கிடைத்திருக்காது. இது முத்தலிபுவுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது என்று மர்ளியா நினைத்தாள். ஆனால் றிஸ்கான் நல்ல பையன். மாமாவுக்கு எடுத்து ஒன்றுவிடாமல் சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டான்.

மர்ளியா புறப்பட்ட அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் முத்தலிபு கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். உள்ளே வரை கூட்டிப்போகக்கூடிய ஆள் ஒருவரின் இலக்கம் போனில் இருந்தது. எடுக்கவில்லை. எல்லாத் தகப்பன்மாரையும்போல கம்பிக்கு வெளியே நின்று, மகள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போவதைப் பார்த்தார். அவள் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். பிறகு ஆட்கள் மறைத்துவிட்டார்கள். முத்தலிபு அழுதார். பிள்ளையைப் பிரிந்திருக்கிற கஷ்டத்தை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சுல்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வான் நிறுத்தியிருந்த இடத்துக்குக் கூட்டி வந்தார்.

அந்த அமைதி மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் தவச்செல்வன் என்ற வெங்காயத் தோட்டக்காரர் மோட்டரோடு வந்து, கனடாவில் இருக்கும் தம்பிக்குக் கடனட்டை கொடுக்கமாட்டோம் என்கிறார்களாம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். கை உயர்ந்தது. "கனடாவோ? பொறுங்க. ஜப்பான்ல எண்ட மகளுக்கு ஒரு கருவாட்டுப் பெட்டியோட வேல முடிஞ்சது" என்று தொடங்கி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டையைக் காட்டி, போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. றிஸ்கானை ஐந்து வங்கிகளும் கைவிட்ட இடத்தை வாசிக்கும்போது, உங்கள் மச்சானின் மகனோ, கூடப் படித்தவரோ, ஒரு கல்யாண வீட்டில் கண்டு கதைத்தவரோ ஒருவர் அந்தப் பக்கம்தானே இருக்கிறார், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேசிப் பார்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருக்கும். பரவாயில்லை. அந்த இலக்கத்தை மட்டும் தயவுசெய்து முத்தலிபுவிடம் கொடுத்துவிடாதீர்கள். மர்ளியா இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள்.